விடைக்கு ஓர் இடம் கொடுங்கள்

கடலூரை அடுத்த புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் தரையில் கிளிஞ்சல்களை வைத்து, மனப்பாட வாக்கியங்களின் துணையோடு, 1825 மே 31 இரவின் சந்திர கிரகணத்தைக் கணித்ததை ஜான் வாரன் 'கால சங்கலித' நூலில் பதிந்திருக்கிறார். தொடக்க நேரத்தில் பிழை 4 நிமிடம். முடிவு நேரத்தில் 52 நிமிடம். இருந்தும் அது வியக்கத்தக்க சாதனை. ஒரு படியில் பிறந்த எண் கிளிஞ்சலாகத் தரையில் நின்றதால்தான் அடுத்த படிக்குக் கைகொடுத்தது.

நிரலிலும் இதுவே நியாயம். செயற்கூறு திருப்பித் தரும் மதிப்பை மாறியில் வாங்கி வைக்காவிட்டால், கணக்கு நடந்திருக்கும், விடை இருக்காது. திரையில் அச்சாவதைப் பார்த்து விடை கைக்கு வந்துவிட்டதாகப் புதியவர்கள் நம்புகிறார்கள். பைத்தானில் அச்சிட மட்டுமே செய்யும் செயற்கூற்றை அழைத்து, அது திருப்பித் தருவதை மாறியில் இட்டால், அதில் பயன்படுத்த எந்த விடையும் இராது. ஒரு செயற்கூற்றின் விடையை இன்னொன்றுக்குள் நேரே கொடுக்கலாமே, மாறி எதற்கு என்பார்கள். ஒரே முறை தேவைப்படும் விடைக்கு அது சரிதான். இருமுறை தேவைப்பட்டால் அதே கணக்கை இருமுறை போட வேண்டிவரும். பிழை நேர்ந்தால் எந்தப் படியில் என்று நிறுத்திப் பார்க்கவும் வழியில்லை. கடலூரிலும் சிதம்பரத்திலும் நிரல் பழகும் மாணவர்களே, இடைவிடைகளுக்குப் பொருளுள்ள பெயர் வைத்துப் பழகுங்கள்.