துன்பமும் துணையும்

மனித குலம் எழுப்பிய வினாக்களுள் மிகப் பழைமையானது துன்பத்தைப் பற்றிய வினா. வள்ளுவர் அதன்பொருட்டு 'இடுக்கண் அழியாமை' என ஓர் அதிகாரம் வகுத்தார். விவிலியமோ யோபுவின் வரலாற்றை ஒரு தனி நூலாகவே கொண்டுள்ளது. இவ்விரு கருவூலங்களும் தமிழ்க் கிறித்தவ இளைஞனுக்கு உரியவை. எனினும், தந்தை நோயுற்று வீழ்ந்த நாளிலோ, தாயை இழந்த நாளிலோ, வேலையின்மையால் வீட்டு வாடகை கட்ட இயலாத நாளிலோ, அவன் பெரும்பாலும் வெறுங்கையனாகவே நிற்கின்றான். கருவூலம் இருந்தும் அதன் திறவுகோலை அவன் கையில் எவரும் கொடுக்காமையே காரணம்.

கோலாலம்பூரிலும் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் வாழும் இத்தகைய இளைஞர் நிலை ஆழ்ந்து எண்ணத்தக்கது. பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் கந்தசுவாமி கோயிலும், பௌத்த மகா விகாரையும், சீயோன் லுத்தரன் ஆலயமும் நடந்து செல்லும் தொலைவிலேயே அமைந்துள்ளன. கோலாலம்பூர் புனித அந்தோணியார் ஆலயத்திலும், 1928இல் எழுந்த கிள்ளான் லூர்து அன்னை ஆலயத்திலும் தமிழில் வழிபாடு நிகழ்கின்றது. ஆயினும், நாட்டில் தமிழர் சிறுபான்மையினர். தமிழருள்ளும் கிறித்தவர் சிறுபான்மையினர். ஆகவே துன்பம் வரும்போது இவ்விளைஞனிடம் இரண்டு வினாக்கள் ஒருங்கே எழுகின்றன. 'எனக்கு ஏன் இது நேர்ந்தது?' என்பது ஒன்று. 'நான் யார், யாரைச் சார்ந்தவன்?' என்பது மற்றொன்று. முதல் வினாவிற்குப் பலரும் விடை கூற விரைகின்றனர். இரண்டாவதைக் கேட்பார் அரியர். ஆனால் இளைஞனுக்கு ஊக்கம் தரவல்லது இரண்டாம் வினாவின் விடையே.

முதல் வினாவிற்குக் கூறப்படும் விடைகளுள் இரண்டு பெரிதும் தீங்கு விளைப்பவை. 'நீ செய்த பாவத்தின் பயன் இது; உன் விசுவாசம் குறைவுபட்டது' என்பது ஒன்று. 'விசுவாசி அழலாகாது, எப்போதும் மகிழ்ந்திருக்க வேண்டும்' என்பது மற்றொன்று. முன்னது புண்ணைக் குத்துவது. பின்னது புண்ணை மூடி அழுக வைப்பது. இவ்விரண்டையும் விவிலியமே மறுக்கின்றது. யோபுவைக் காண வந்த நண்பர் மூவரும் ஏழு நாளும் ஏழு இரவும் ஒரு சொல்லும் பேசாது அவனோடு தரையில் அமர்ந்திருந்தனர். அவர்கள் செய்தவற்றுள் சிறந்தது அம்மௌனமே. பின்னர் வாய் திறந்து, துன்பத்திற்குக் காரணம் கற்பிக்கத் தலைப்பட்டனர். நூலின் முடிவில் இறைவன் சினந்து கொள்வது கதறிய யோபுவின் மீது அன்று. விளக்கம் கூறிய அந்நண்பர்கள் மீதே.

அழுகையை விலக்குவோர் சங்கீதங்களையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். அவற்றுள் பல புலம்பற் பாடல்கள். இறைவனை நோக்கி 'ஏன்' என முறையிடுபவை. சிலுவையில் இயேசு எழுப்பிய குரலும் அத்தகைய சங்கீதம் ஒன்றின் தொடக்கமே. கிரேக்க மொழியில் நற்செய்தி எழுதிய மாற்கு, அவ்விடத்தில் இயேசு பேசிய அரமேய மொழிச் சொற்களையே பெயர்க்காது முதலில் வைத்துவிட்டுப் பின்னரே பொருள் உரைக்கின்றார். துயரின் உச்சத்தில் மனிதன் தன் சொந்த மொழியில்தான் கதறுகின்றான் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

மொழிபற்றிய இக்கருத்து கிள்ளான் பள்ளத்தாக்கின் இளைஞருக்கு மிகவும் இன்றியமையாதது. அவர்களுள் பலர் ஆங்கிலத்தில் செபிக்கப் பழகியவர். அதனை இழிவெனக் கூறுதல் முறையன்று. எம்மொழியும் இறைவனுக்கு அந்நியமன்று. ஆயினும், பாட்டியின் மரணப் படுக்கையருகே நிற்கும் பேரனுக்குப் பாட்டியின் மொழியில் ஒரு செபம் சொல்ல இயலாதெனின், துயரோடு தனிமையும் அவனைச் சூழ்கின்றது. மொழி அறுந்த இடத்தில் உறவும் நலிகின்றது. உறவு நலிந்தவனுக்கு 'நான் யார்' என்ற வினா பெருஞ்சுமையாகின்றது.

இவ்வினாவிற்குத் தம் வாழ்வினால் விடை கண்டவர் தனிநாயகம் அடிகள். 1913இல் யாழ்ப்பாணத்தை அடுத்த ஊர்காவற்றுறைப் பகுதியில் பிறந்த அவர், ஆங்கிலக் கல்வி பெற்று, உரோமையில் பயின்று, 1938இல் குருவானார். தமிழ் இலக்கியத்தை அவர் ஆழ்ந்து கற்றது அதன் பின்னரே. திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில் பள்ளி ஆசிரியராக இருந்துகொண்டு தமிழ் பயின்றார். பின் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் புகுந்தார். 1960களில் மலாயாப் பல்கலைக்கழக இந்திய இயல் துறையின் தலைவராக விளங்கி, 1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டைக் கோலாலம்பூரில் கூட்டினார். தமிழராதலுக்குக் கிறித்தவ நெறியையோ, கிறித்தவராதலுக்குத் தமிழையோ அவர் விலையாகக் கொடுத்தாரல்லர். காலம் கடந்து கற்றவரும் தம் மரபை உரிமையாக்கிக் கொள்ளலாம் என்பதை அவர் வாழ்வு காட்டுகின்றது. துன்பமும் அவர் வாயிலைத் தட்டாமலில்லை. யாழ்ப்பாணத்தில் நடைபெற்ற நான்காம் மாநாடு, 1974 ஜனவரி 10ஆம் நாள் காவல்துறை நடவடிக்கையால் உயிரிழப்பில் முடிந்தது.

உரோமையில் முனைவர் பட்டத்திற்காக அடிகள் ஆராய்ந்த பொருள், சிப்ரியான் காலத்துக் கார்த்தேசுத் திருச்சபையின் குருமாரைப் பற்றியது. அந்தச் சிப்ரியான் காலத்திலேயே இக்கட்டுரை எழுப்பும் வினா கொடிய வடிவில் எழுந்தது. மூன்றாம் நூற்றாண்டின் நடுவில் வட ஆப்பிரிக்காவைக் கொள்ளைநோய் வாட்டியபோது, 'நம்பாதவரைப் போலவே நம்புகின்ற எங்களையும் இந்நோய் கொல்வது ஏன்?' எனக் கிறித்தவர் கலங்கினர். ஆயராகிய சிப்ரியான் அவர்களுக்கு விலக்கு எதனையும் வாக்களிக்கவில்லை. மனித உடல் தாங்கியவர் யாவர்க்கும் நோய் பொது என்றே அறிவுறுத்தினார். அத்துடன், தம்மவர்க்கு மட்டுமன்றித் தம்மைப் பகைத்த பிற சமயத்தார்க்கும் உதவுமாறு மக்களை ஏவினார். துன்பத்திலிருந்து விலக்குப் பெற்றவன் அல்லன் விசுவாசி. துன்புறுவாரிடமிருந்து விலகாதவனே விசுவாசி என்பது இதனால் பெறப்படும்.

தமிழ் மண்ணிலும் இவ்வுண்மை விளங்கியது. 1876 முதல் 1878 வரை தென்னாட்டை அழித்த தாது வருடப் பஞ்சத்தில், மாயூரம் வேதநாயகம் பிள்ளை தம் பொருளை ஈந்து பசித்தோர்க்குக் கஞ்சி வார்த்தார். அக்கிறித்தவரின் அறத்தைப் பாடிப் புகழ்ந்தவர், நந்தனார் சரித்திரக் கீர்த்தனை தந்த கோபாலகிருஷ்ண பாரதியார். கஞ்சித்தொட்டியின் முன் சமயவேலி நிற்கவில்லை. 2021 டிசம்பர்ப் பெருவெள்ளத்தில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவிலும் கிள்ளானிலும் வீடுகள் மூழ்கியபோதும் இதுவே நிகழ்ந்தது. வெள்ளம் சமயம் கேட்டு வீடு புகவில்லை. கோயில், குருத்துவாரா, பள்ளிவாசல், தேவாலயம் ஆகியவற்றைச் சார்ந்தோரும் சமயம் கேட்டு உணவு வழங்கவில்லை.

ஈண்டு ஒரு தடை எழலாம். துன்புறுவோனையே பிறர்க்குத் தொண்டு செய்க என்பது சுமைமேல் சுமை ஆகாதோ என்பது அத்தடை. வரிசை மாறினால் அது சுமையே. முதலில் வேண்டுவது உடனிருப்பு. அடுத்து, அவன் வாய்விட்டு அழ உரிமை. அதன் பின்னரே செயல். செயலும் கட்டளையாக வருதல் தகாது. தன்னாலும் ஒருவர்க்குப் பயன் உண்டு என அவன் உணரும் வாய்ப்பாக வருதல் வேண்டும்.

மற்றொரு வேறுபாடும் உணரத்தக்கது. எல்லாத் துன்பமும் பொறுத்தற்குரியது அன்று. சப்பானியர் ஆட்சியில் 1942, 1943ஆம் ஆண்டுகளில் சயாம்–பர்மா இரயில்பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தமிழருள் பல்லாயிரவர் பசியாலும் காலராவாலும் மாண்டனர். அவருள் பெரும்பாலோர்க்குப் பெயர் பொறித்த கல்லறையும் இல்லை. இதனை இறைவன் திருவுளம் எனக் கூறுதல் இறைவன்மீது பழி சுமத்துதலாகும். மனிதன் இழைத்த கொடுமையைக் கொடுமை என்றே இளைஞர்க்குக் கற்பித்தல் வேண்டும். வறுமையையும் ஏளனத்தையும் புறக்கணிப்பையும் எதிர்த்து நிற்பதும் நம்பிக்கையின் கடமையே.

இவற்றால், ஆசிரியரும் ஆலயப் பெரியோரும் ஆற்றவேண்டிய பணி தெளிவாகின்றது. துயருற்ற மாணவனிடம் காரணம் கூற விரையாதிருத்தல் முதற்கடன். சங்கீதங்களின் புலம்பலையும் வள்ளுவரின் 'இடுக்கண் அழியாமை'யையும் அருகருகே வைத்துப் படிப்பித்தல் அடுத்தது. இரண்டும் அவனுடைய சொத்தே என அவன் அறிதல் வேண்டும். வெள்ளம் வடிந்த வீட்டைக் கழுவவும், தனித்திருக்கும் முதியவர்க்கு மருந்து வாங்கித் தரவும் அவனைத் தம்முடன் அழைத்துச் செல்லுதல் அதற்கும் அடுத்தது. 'எனக்கு ஏன்' என்ற வினாவிற்கு அப்போதும் அவனுக்கு விடை கிடைக்காமற் போகலாம். ஆனால் தான் யார் என்பதையும், தன் அருகில் யார் உளர் என்பதையும் அவன் அறிந்திருப்பான். அவ்வறிவோடு மறுநாளைக் காலையை எதிர்கொள்ள அவனால் இயலும்.