மீனான பீவர்

பீவர் பாலூட்டும் பிராணி. பல்லால் மரந்தறித்து ஆற்றை மறித்து அணை கட்டும். ஆயினும் 17ஆம் நூற்றாண்டில், கனடாவின் கியூபெக்கில் குடியேறிய பிரெஞ்சுக் கத்தோலிக்கருக்கு, இறைச்சி விலக்கப்பட்ட தவக்காலத்திலே அது மீனாயிற்று. தண்ணீரில் வாழ்கிறதல்லவா! திருச்சபையும் அனுமதித்தது. கடுங்குளிரில் பசித்தவனை நாம் பழிக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த விதி உண்பவனிடம் எதையும் கேட்கவில்லை. பெயரை மாற்றியதோடு சரி.

அதே காட்டில் வாழ்ந்த இன்னு எனும் பழங்குடியினரிடம் வேறொரு விதி இருந்தது. பீவரைத் தின்னலாம், எலும்பை நாய்க்குப் போடலாகாது. பீவரின் ஆவி குடிலைச் சுற்றிவந்து தன் எலும்புக்கு என்ன நடக்கிறதென்று பார்க்குமாம். அவமதித்தால் மற்றப் பீவர்களுக்குத் தெரிந்துவிடும், பிறகு எளிதில் அகப்படாது. நாய்க்குப் போடுகிறவர்களுக்கும் பீவர் அகப்படுகிறதே என்று வாதிட்டார், அவர்களோடு ஒரு குளிர்காலம் கழித்த யேசுசபைத் துறவி போல் லெ ஜூன். நீங்கள் பயிர்செய்கிறவர்கள், நாங்கள் அப்படியல்லவே என்றார்கள். பொருத்தமில்லாத பதிலென்று சிரித்ததாக 1634இல் அவரே எழுதுகிறார். எனக்கோ அது மிகப் பொருத்தமான பதிலாகவே படுகிறது. எதைக் கொன்று வாழ்கிறோமோ அதற்குக் கடன்பட்டிருக்கிறோம் என்பதை, வேறு சோறுள்ளவன் எளிதில் மறந்துவிடுகிறான்.

இவ்விதியிலும் ஓட்டை உண்டு. ஐரோப்பியத் தொப்பிகளுக்காகத் தோல் விலைபோனபோது, எத்தனை கொல்லலாமென்று எலும்பு விதி சொல்லவில்லை. பீவர் நமக்குக் கேத்தலும் கோடரியும் கத்தியும் செய்துதருகிறது என்று இன்னு ஒருவர் பகிடி விட்டதையும் அதே துறவி குறித்து வைத்திருக்கிறார்.