முன் அனுபவம்

கீழ்பென்னாத்தூர் சுத்துப்பட்டுல எங்க பெரியப்பா கைபடாத ரோடு கிடையாது. ஜல்லி ஒடைச்சாரு, தார் காய்ச்சினாரு, ஏரி மதகுக்குச் சிமெண்டு கலந்தாரு. நாற்பது வருஷம். அவர் மகன் கொத்தனார் வேலை தெரிந்தவன். சொந்தமாக ஒரு சிமெண்டு ரோடு வேலை எடுத்துப் பார்ப்போம் என்று டெண்டர் படிவம் வாங்கிவந்தான். நான்தான் படித்துச் சொன்னேன். முன்வைப்புத் தொகை வேண்டும். சொத்து மதிப்புச் சான்று வேண்டும். அப்புறம் 'முன் அனுபவம்' என்று ஒரு கட்டம். இதே மாதிரி வேலையைச் சொந்தப் பேரில் எடுத்து முடித்ததற்குச் சான்று வேண்டுமாம். பெரியப்பா கேட்டார்: "நாப்பது வருஷமா நான் போட்டது ரோடு இல்லாம இன்னாடா?"

நான் படித்த எம்.ஏ.வில் இதற்குப் பதில் இல்லை. வேலை செய்தவன் ஒருத்தன், அந்த வேலையின் சரித்திரம் இன்னொருத்தன் பேரில். உழைப்பு அன்றன்றைய கூலியோடு முடிந்துபோகிறது. கையெழுத்து மட்டும் அனுபவமாகச் சேர்ந்துகொண்டே போகிறது. நிலம் இல்லாதவனிடம் சொத்துச் சான்று கேட்பதும், ஒப்பந்தமே கிடைக்காதவனிடம் அனுபவம் கேட்பதும் சாதிப் பேரைச் சொல்லாமலே சாதியைக் காப்பாற்றும் வழிகள்.

அம்பேத்கர் இதை 1942லேயே எண்ணிக் காட்டினார். மத்தியப் பொதுப்பணித் துறையின் 1,171 ஒப்பந்தக்காரர்களில் தாழ்த்தப்பட்ட சாதியார் ஒரே ஒருவர் என்று வைசிராய்க்குக் கொடுத்த மனுவில் எழுதினார். எழுபது வருஷம் கழித்து, 2012இல், மத்திய அரசு ஓர் ஆணை போட்டது. அதன் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் செய்யும் கொள்முதலில் 4 சதவீதம் தலித், பழங்குடியினரின் சிறு தொழில்களுக்கு என்றது. ரோடு, கட்டட வேலைகள் அதில் சேராது. கர்நாடகம்தான் கட்டுமான வேலைக்கே சட்டம் திருத்தியது. 50 லட்சம் ரூபாய் வரையான வேலைகளில் தலித்துகளுக்கு 17.15 சதவீதம், பழங்குடிகளுக்கு 6.95 சதவீதம். 2023இல் அந்த வரம்பு 1 கோடி ஆனது.

தரம் போய்விடும் என்கிறவர்களுக்கு ஒரே பதில்தான். ஜல்லி கொட்டுவது அன்றும் இன்றும் அதே கைதானே?

நமக்குள்ளே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி வேறு. தனி ஊராட்சிகளில் தலைவர் பேர் நம்முடையதாகவும் அதிகாரம் ஊர்த்தெருவிலும் இருப்பதை எத்தனை இடத்தில் பார்த்துவிட்டோம். மீறி நின்றதற்கு மேலவளவில் 1997இல் தலைவர் முருகேசன் உள்பட ஆறு பேரை வெட்டிக் கொன்றார்கள். ஒப்பந்தத்திலும் பினாமி வருவான். "கையெழுத்து மட்டும் போடு, ரெண்டு பர்சண்டு தர்றேன்" என்பான். சரி, பினாமி இல்லாமல் நம்ம ஆளே எடுக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். சித்தாள் பெண்ணுக்கு அவன் கூலியைக் கூட்டித் தருவானா? நூறு பேர் கூலியில் ஒருத்தன் காண்ட்ராக்டர் ஆவது விடுதலையா?

பங்கு கேட்பது சலுகை கேட்பது அல்ல. நம் உழைப்பில் சேர்ந்த அனுபவத்தை, அடுத்தவன் பேரில் இருப்பதை, திருப்பிக் கேட்பது. அது ஒருத்தருடைய சொத்தும் அல்ல. ஆகவே வேலை செய்கிறவர்கள் சங்கமாகச் சேர்ந்து, சங்கத்தின் பேரில் கேட்க வேண்டும். முடியாத காரியமா? 2005ஆம் ஆண்டின் நூறு நாள் வேலைச் சட்டம் காண்ட்ராக்டரை வெளியே நிறுத்தியது. கூலியாளின் பேரையும் அவர் உழைத்த நாளையும் வேலை அட்டையில் எழுதவைத்தது. அந்த அட்டை முன் அனுபவம் ஆகாதா?

படிவம் பெரியப்பா வீட்டு எறவாணத்தில் செருகியிருக்கிறது. அந்தக் கட்டம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.