நிற்க ஓர் இடம்

கேரவன் என்ற சொல் நமக்குச் சினிமா வழியாகத்தான் அறிமுகம். நட்சத்திரங்கள் ஓய்வெடுக்கும் குளுகுளு வண்டி என்று நினைத்துக்கொள்கிறோம். அந்த வண்டி வருவதற்கு முன்பு வெளிப்புறப் படப்பிடிப்பில் நாலு பேர் சேலையை விரித்துப் பிடிக்க, அதற்குள் நின்று பெண்கள் உடை மாற்றினார்கள். கழிப்பறை வேண்டுமென்றால் பக்கத்தில் இருக்கும் ஏதாவது ஒரு வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும். வீடே இல்லாத இடமென்றால் தண்ணீர் குடிக்காமல் இருக்க வேண்டும். மலையாளத் திரையுலகம் பற்றிய ஹேமா குழுவின் அறிக்கை 2024 ஆகஸ்டில் வெளியானபோது எல்லோரும் பாலியல் சுரண்டலைப் பற்றிப் பேசினார்கள். பேச வேண்டியதுதான். அதே அறிக்கை, படப்பிடிப்பு இடங்களில் கழிப்பறையும் உடை மாற்ற இடமும் இல்லாமல் பெண்கள் படும் பாட்டையும் சொல்கிறது. ஆடம்பரத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தால் கேரவன் என்பது இவ்வளவுதான்: வீட்டைவிட்டு வெளியே இருக்கும்போதும் ஒரு பெண் உள்ளிருந்து தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளக்கூடிய ஒரு கதவு.

அந்தக் கதவைத் தேடித்தான் இரண்டு வருடமாகச் சேலம், சங்ககிரி, நாமக்கல் என்று பட்டறை பட்டறையாக ஏறி இறங்குகிறேன். மேட்டூரில் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். வெளிநாட்டுப் படங்களில் வருவதுபோல் காருக்குப் பின்னால் கட்டி இழுக்கும் பழைய இழுவை வீடுகள் நம் ஊரில் கிடையாது. நம்மிடம் இருந்ததெல்லாம் மெட்டடார் வேன். பஜாஜ் டெம்போ நிறுவனம் ஜெர்மன் ஹனோமாக் வண்டியின் அடிப்படையில் 1969இல் தயாரிக்கத் தொடங்கியது. தயாரிப்பு நின்று இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. என் வயதுப் பெண்களின் நினைவில் அந்த வேனுக்கு ஓர் இடம் உண்டு. பெண் பார்க்க, நிச்சயத்துக்கு, காதுகுத்துக்கு, எழவுக்கு என்று நாம் ஊர்விட்டு ஊர் போனது அதில்தான். தனியாகப் போனதில்லை, காரணம் இல்லாமலும் போனதில்லை. அந்த இருக்கைகளைக் கழற்றிவிட்டு ஒரு கட்டில், ஒரு அடுப்பு, ஒரு கழிப்பறை வைக்க வேண்டும் என்பது என் ஆசை.

பழைய வண்டி தேடுவது ஒரு படிப்பு. பெயின்ட் பளபளப்பைப் பார்த்து ஏமாறக் கூடாது. கீழே படுத்து அடித்தகட்டைப் பார்க்க வேண்டும். பட்டி பூசி மறைத்த துருவை விரலால் தட்டினாலே சத்தம் காட்டிக்கொடுக்கும். சேஸ் நம்பரை உப்புத்தாளால் தேய்த்து ஆர்.சி. புத்தகத்தோடு ஒப்பிட வேண்டும். புத்தகம் இல்லாத வண்டி, எடைக்குப் போடும் இரும்புதான். சொந்த உபயோக வண்டிக்குப் பதினைந்து ஆண்டு முடிந்தால் பதிவைப் புதுப்பிக்க வேண்டும், அதற்குப் பிறகு ஐந்தாண்டுக்கு ஒருமுறை. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் 52ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. நம் விருப்பத்துக்கு வண்டியின் அமைப்பை மாற்றிவிட முடியாது என்கிறது அது. இதையெல்லாம் கற்றுக்கொள்வது கஷ்டமாக இல்லை. பட்டறைக்காரர்கள் பொறுமையாகச் சொல்லித்தருகிறார்கள். கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது.

“ஏனுங் டீச்சர், வண்டி யாருக்குங்க?”

“எனக்குத்தானுங்க.”

“சார் வரலீங்களா?”

“அவருக்கு வீட்டுச் சோறும் அவர் கட்டிலும் போதுமுங்க. அவர் வரமாட்டாரு.”

“அப்புறம் எதுக்குங்க?”

எந்தப் பட்டறைக்குப் போனாலும் பேச்சு இந்த ‘எதுக்குங்க’வில் வந்து நிற்கிறது. கேட்பவர்கள் கெட்டவர்கள் இல்லை. கோயில் கோயிலாகப் போகப் போகிறேன் என்று சொன்னால் உடனே முகம் மலர்ந்துவிடும், டீயும் வரும். மகள் வீட்டுக்குப் போய்வர என்றாலும் சரி. சும்மா, ஒரு ஏரிக்கரையில் ரெண்டு நாள் இருந்துவிட்டு வர என்று சொன்னால்தான் சங்கடப்படுகிறார்கள். ஒரு பெண்ணின் பயணத்துக்குக் காரணம் வேண்டியிருக்கிறது. அந்தக் காரணத்தில் வேறொருவர் இருக்க வேண்டும், அது சாமியானாலும் பேரக்குழந்தையானாலும்.

இந்தக் கேள்வியை நாமக்கல்லில் கேட்பதுதான் வேடிக்கை. ஓடும் வீடு கட்டுவதில் இந்தியாவிலேயே பேர்போன ஊர்களில் ஒன்று அது. வெறும் சேஸாக வரும் லாரிக்கு அங்கே பாடி கட்டுகிறார்கள். டிரைவர் இருக்கைக்குப் பின்னால் படுக்கப் பலகை, துணி தொங்கவிடக் கம்பி, சாமி படத்துக்கு ஒரு மாடம், பக்கவாட்டில் அடுப்புக்கும் அரிசிக்கும் பெட்டி. திருச்செங்கோட்டிலிருந்து கிளம்பும் போர்வெல் ரிக் வண்டிகள் ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம் வரை போகின்றன. ஆட்கள் மாதக்கணக்கில் அந்த வண்டியிலேயே சமைத்து, அதன் நிழலிலேயே தூங்குகிறார்கள். அது கடுமையான உழைப்பு. அதைச் சொகுசு என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஓர் ஆண் வண்டியில் வாழ்வதும் வழியில் நின்று தூங்குவதும் இந்த மண்ணில் அத்தனை இயல்பானது என்பதைக் கவனியுங்கள். அந்த லாரிகளின் நெற்றியில் எழுதியிருக்கும் பெயர்களில் பாதி நம் பெயர்கள்தான். மகள் பெயர், மனைவி பெயர், அம்மா பெயர். பெயருக்கு வண்டியில் இடம் இருக்கிறது, பெயருக்கு உரியவளுக்குத்தான் இல்லை.

எப்போதும் இப்படித்தான் இருந்ததா? இல்லை. பெரும்பாணாற்றுப்படையில் உமணர்களின் உப்பு வண்டி வருகிறது. கூரை வேய்ந்த மாட்டுவண்டி. வாசலில் கோழிக்கூடு, கட்டித் தொங்கவிட்ட சிறிய உரல், முன்னால் காடிப்பானை. அந்த வண்டியின் மாட்டை ஓட்டுகிறவள் கைக்குழந்தையோடு இருக்கும் ஒரு பெண். இந்தப் பாட்டை வகுப்பில் பல வருடம் நடத்தியிருக்கிறேன். குழந்தை, சமையல், தொழில், சாலை நான்கும் ஒரே வண்டியில் ஒரே பெண்ணிடம் இருந்திருக்கின்றன. அவளிடம் யாரும் ‘எதுக்கு’ என்று கேட்டதாகப் பாட்டில் இல்லை.

இந்த இடத்தில் ஒரு தோழி என்னை மறித்துக் கேட்டாள்: “நீ ஆசைப்பட்டு நகரப் பார்க்கிறாய். ஆசைப்படாமலே நகர்த்தப்பட்டவர்களை என்ன செய்வாய்?” நியாயமான கேள்வி, மேட்டூரில் இருந்துகொண்டு தவிர்க்க முடியாத கேள்வியும்கூட. எங்கள் அணை 1934இல் திறக்கப்பட்டது. 120 அடி உயரத்துக்குத் தண்ணீர் நிற்க, ஊர்கள் உள்ளே போயின. கோடையில் நீர்மட்டம் இறங்கும்போது பண்ணவாடிப் பக்கம் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் பழைய தேவாலயத்தின் கோபுரமும் தலைகாட்டும். செய்தித்தாள்களில் படம் வரும், வேடிக்கை பார்க்கக் கூட்டம் வரும். அந்தக் கோயிலையும் தேவாலயத்தையும் சுற்றி இருந்த வீடுகளை யாரும் படம் எடுப்பதில்லை, எடுக்க அவற்றில் எதுவும் மிச்சமில்லை.

அதே நீர்த்தேக்கத்தின் கரையில் பரிசல் போட்டு மீன்பிடிக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. தண்ணீர் ஏறினால் குடிசையைப் பிரித்து மேலே போவார்கள், இறங்கினால் தண்ணீரோடு கீழே வருவார்கள். வருடம் முழுக்க நகரும் வீடு. அங்கே ஓர் அம்மாளிடம் என் வண்டி ஆசையைச் சொன்னேன். சிரித்தார். “நகர்றதுல என்ன கண்ணு இருக்குது? நாங்க எத்தனை தடவ நகர்றோம். வந்து எழுப்பி உடாம இருந்தாப் போதும்.”

அவர் சொன்னதை அங்கே சரியாக வாங்கிக்கொண்டேனா என்று தெரியாது. பிறகு யோசிக்க யோசிக்க, இந்தக் கட்டுரையின் விஷயமே அந்த ஒரு வாக்கியத்தில் இருப்பதாகத் தோன்றியது. நகர்வதா தங்குவதா என்பதில்லை பிரச்சினை. எப்போது கிளம்புவது, எங்கே நிற்பது, எவ்வளவு நேரம் நிற்பது என்பதை யார் முடிவு செய்கிறார்கள் என்பதுதான் பிரச்சினை.

வரலாற்றைப் பார்த்தால் அதிகாரம் எப்போதும் ஓட்டத்தைவிட நிற்பதைக் கண்டுதான் அதிகம் பயந்திருக்கிறது. 1871இல் ஆங்கிலேயர் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. உப்பும் தானியமும் சுமந்து ஊர் ஊராக விற்ற குறவர்கள் அதில் சிக்கினார்கள். சேலம் உப்புக் குறவர் என்ற பெயர் இன்றும் தமிழ்நாட்டின் சீர்மரபினர் பட்டியலில் இருக்கிறது. பதிவு செய்யப்பட்டவர்கள் இரவில் எங்கே படுக்கிறார்கள் என்பதற்குக் கணக்குச் சொல்ல வேண்டியிருந்தது. 1952இல்தான் அந்தச் சட்டம் போனது. உமணப் பெண் ஓட்டிய வண்டிக்கும் அந்தப் பதிவேட்டுக்கும் நடுவில் எவ்வளவோ காலம் இருக்கிறது. இரண்டிலும் சரக்கு என்னவோ ஒரே உப்புதான்.

மேலை நாட்டிலும் கதை இப்படித்தான். இன்பச் சுற்றுலாவுக்கென்று இங்கிலாந்தில் முதன்முதலாகக் கேரவன் செய்துகொண்டவர் என்று கார்டன் ஸ்டேபிள்ஸ் என்ற மருத்துவரைச் சொல்வார்கள். 1885இல், குதிரை இழுக்கும் வண்டி, கூடவே வேலையாள். அவரைக் கனவான் என்றார்கள். அதே சாலையில் அதற்கும் முன்பிருந்தே வண்டியில் வாழ்ந்த ரோமா மக்களை ஊருக்கு ஊர் துரத்தினார்கள். நம் காலத்துக்கு வந்தால், ஜெசிகா புரூடர் 2017இல் எழுதிய ‘நோமேட்லாந்து’ புத்தகம். 2020இல் குளோயி ஜாவ் அதைப் படமாக்கினார். வாடகை கட்ட முடியாமல் வேனில் வாழும் வயதான அமெரிக்கப் பெண்கள் பலர் அதில் வருகிறார்கள். அவர்களுக்குப் பெரிய பயம், ராத்திரியில் வண்டியின் கதவைத் தட்டும் சத்தம். எழுந்து போ என்று சொல்லப்போகும் சத்தம். எங்கள் கரையில் அந்த அம்மாள் சொன்னதும் அதுதானே.

இதை நம் ஊர்ப் பெண்களின் பயணத்தோடு வைத்துப் பாருங்கள். 2021 மே மாதத்திலிருந்து தமிழ்நாட்டில் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. மேட்டூர் பேருந்து நிலையத்தில் அந்த மாற்றத்தைக் கண்ணால் பார்த்தேன். கையில் காசு இல்லாத காரணத்தால் வீட்டோடு இருந்த பெண்கள் வேலைக்கும் சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் தாமாகவே கிளம்பினார்கள். அது பெரிய காரியம். ஆனால் பேருந்திலிருந்து இறங்கிய பெண் என்ன செய்கிறாள்? நேராகப் போகிறாள். டீக்கடை பெஞ்சில் உட்கார்வதில்லை. அணைப் பூங்காவில் தனியாக அரை மணி நேரம் இருந்தால், “யாருக்காகம்மா காத்திருக்கே?” என்று ஒருவர் வந்து கேட்பார். நம்மை ஓட விட்டிருக்கிறார்கள், நிற்க விடவில்லை. ஷில்பா பட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூவரும் மும்பையை வைத்து 2011இல் ‘ஒய் லாய்ட்டர்?’ என்று ஒரு புத்தகம் எழுதினார்கள். பெண்களுக்குப் பாதுகாப்பு மட்டும் போதாது, வேலையில்லாமல் தெருவில் சும்மா இருக்கும் உரிமையும் வேண்டும் என்பது அவர்கள் வாதம். பெருநகரத்துப் பேச்சு என்று அதைத் தள்ளிவிட முடியவில்லை. மேச்சேரிச் சந்தைக்கு வந்த பெண்ணுக்கும் கால் வலிக்கிறது.

பாதுகாப்பு என்ற பதிலை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ராத்திரியில் நெடுஞ்சாலை ஓரம் தனியாக வண்டியை நிறுத்த எனக்கும் பயம்தான். ஆனால் அந்த வாதம் எங்கே முடிகிறது என்று பாருங்கள். இடம் ஆபத்தானது, எனவே இடத்தைச் சரிசெய் என்று அது முடிவதில்லை. எனவே நீ போகாதே என்று முடிகிறது. லாரிக்காரர்களைக் கொள்ளையடித்த செய்திகளும் வருகின்றன. அதற்காக எந்த ஆணையும் யாரும் வீட்டில் உட்காரச் சொன்னதில்லை. பகலில் போ, கூட்டமாக நிறுத்து, தெரிந்த பங்கில் நிறுத்து என்றுதான் சொல்கிறார்கள்.

அலைந்த பெண்கள் நம் மரபில் இல்லாமல் இல்லை. ஔவையைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. பக்கத்து மாவட்டமான தருமபுரிதான் அதியமானின் தகடூர். சங்க காலத்து ஔவை அவனுடைய அவையில் தங்கினாள், அவனோடு கள் பகிர்ந்துகொண்டாள், அவனுக்காகத் தொண்டைமானிடம் தூது போனாள். அவளுக்கு வயது என்ன என்று யாரும் கேட்கவில்லை. பின்னால் வந்த கதைதான், கல்யாணத்திலிருந்து தப்பிக்கப் பிள்ளையாரிடம் முதுமையை வரமாகக் கேட்டாள் என்கிறது. ஒரு பெண் தனியாக ஊர் ஊராகப் போய் நிற்பதை நம்புவதற்கு, பிற்காலத்து மனதுக்கு அவளைக் கிழவியாக்க வேண்டியிருந்தது. எனக்கு நரை வந்தபிறகு பட்டறைகளில் கொஞ்சம் மரியாதை கூடியிருப்பதற்கும் அந்தக் கதைக்கும் தொடர்பு இருக்கிறது. அந்த மரியாதையில் எனக்குச் சந்தோஷமில்லை. முப்பது வயதுப் பெண் இதே வண்டியைக் கேட்டுப் போனால் என்ன பதில் கிடைக்கும் என்று தெரியும்.

தமிழ் நடத்தியவள் என்பதால் ஒரு சொல்லைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வீடு என்பது ‘விடு’ என்ற வேரிலிருந்து வந்தது. விடுதலை, விடுதி எல்லாம் அதே வேர். மோட்சத்துக்கும் வீடு என்றுதான் பெயர். படைவீடு, பாடிவீடு என்று பழைய நூல்கள் சொல்வது நிரந்தரக் கட்டடத்தை அல்ல, படை தங்கிய முகாமை. போகிற வழியில் சுமையை இறக்கிவிட்டுத் தங்கும் இடம்தான் வீடு. பிறகு நாம் அதை அசையாத சொத்தாக்கினோம், பெண்ணை அதன் விளக்காக்கினோம். விளக்கு ஓரிடத்தில்தானே இருக்க வேண்டும். சக்கரத்தில் ஒரு வீடு என்று நான் கேட்பது மரபுக்கு எதிரானது என்று சொல்பவர்கள் அந்தச் சொல்லுக்குள் கொஞ்சம் போய்ப் பார்க்கலாம்.

எனவே எனக்கு வேண்டியது வண்டி மட்டுமல்ல. என் சேமிப்பில் ஒரு பழைய மெட்டடாரை வாங்கி, அடித்தகடு மாற்றி, பதிவைப் புதுப்பித்துக் கிளம்பிவிட முடியும். அது ஓய்வூதியம் வாங்கும் ஒருத்தியின் தனி வழி. மீனவக் குடும்பத்து அம்மாளுக்கோ, சந்தைக்கு வந்த பெண்ணுக்கோ, ரிக் வண்டிக்கு ஒருநாள் ஆபரேட்டராகப் போகப் போகும் பெண்ணுக்கோ அது எதையும் தராது. சாலையோரத்தில் தண்ணீர் வருகிற கழிப்பறை, இரவெல்லாம் விளக்கெரியும் வண்டி நிறுத்தம், பஸ் நிலையத்தில் காரணம் கேட்காமல் படுக்க இடம் தரும் அறை, கரையில் குடிசை போட்டவர்களை எழுப்பித் துரத்தாத ஒரு சீட்டு, இவை எல்லோருக்கும் வேண்டும். அரசு நடத்தும் ‘தோழி’ விடுதிகள் வேலைக்குப் போகும் பெண்களுக்கு என்று வந்திருக்கின்றன, நல்லது. வேலை என்ற காரணம் இல்லாத பெண்ணும் ஒரு ராத்திரி அங்கே தங்கலாம் என்று ஆகும் நாள் இன்னும் நல்லது.

வண்டி தேடுவதை நான் நிறுத்தவில்லை. ஆனால் பட்டறைகளில் ‘எதுக்குங்க’ என்று கேட்கும்போது இப்போதெல்லாம் கோயிலையோ மகளையோ சொல்லித் தப்பிப்பதில்லை. “நிறுத்தி வெச்சுட்டுச் சும்மா இருக்கறதுக்குங்க” என்கிறேன். சிலர் சிரிக்கிறார்கள். ஒருவர் மட்டும், அப்படியென்றால் நிழல் விழும் பக்கமாகக் கதவு வைக்க வேண்டும் என்று சொல்லி, சுண்ணாம்புக் கட்டியை எடுத்துத் தரையில் வரைந்து காட்ட ஆரம்பித்தார்.