வினையும் தாய்மையும்

கருவுற்ற ஒரு பெண், தன் இரத்தத்தில் எச்.ஐ.வி. கிருமி உளது என்று முதன்முதலாக அறியும் நாளில், அவள் நெஞ்சில் எழும் வினா பெரும்பாலும் மருந்தைப் பற்றியதாயிராது. எந்த ஜென்மத்துப் பாவம் என்னைப் பற்றிற்று, அதை என் வயிற்றிலுள்ள சிசுவும் ஏன் சுமக்க வேண்டும் என்பதே அவ்வினாவாகும். மலேசியத் தோட்டங்களிலிருந்து பெயர்ந்து வந்து காப்பாரிலும் கிள்ளானிலும் குடியமர்ந்து, கோயிற் சொற்பொழிவுகளைக் கேட்டு வளர்ந்த நம் குடும்பங்களில் கர்ம சித்தாந்தம் ஆழ ஊறியிருத்தலால், அவ்வினாவை அறியாமையென்று தள்ளுதல் முறையன்று. சமயத்தின் வாயிலாகவே அதற்கு விடை காணவேண்டும்.

மருத்துவம் தன் கடமையைப் பெரிதும் நிறைவேற்றிவிட்டது. சிகிச்சையின்றி விட்டால் நூற்றுக்கு 15 முதல் 45 குழந்தைகளைப் பற்றக்கூடிய இத்தொற்று, தாய் மாத்திரையை ஒழுங்காக உட்கொண்டுவரின் நூற்றுக்கு இரண்டுக்கும் கீழே இறங்கிவிடுகிறது. 1998 முதல் அரசாங்கக் கிளினிக்குகளில் கர்ப்பிணிகளுக்கு இரத்தப் பரிசோதனை செய்துவந்த மலேசியா, தாயிடமிருந்து சேய்க்கு எச்.ஐ.வி.யும் சிபிலிஸும் தொற்றுவதை ஒழித்த நாடென்று 2018 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனத்தின் சான்றைப் பெற்றது. மேற்குப் பசிபிக் வட்டாரத்தில் அதனை முதலிற் பெற்ற நாடும் இதுவே.

குழந்தை தப்பிற்று, தாயோ தப்பினாள் என்று சொல்வதற்கில்லை. பிள்ளை பெற்ற வீட்டில் மாமியாரும் அத்தைமாரும் நிறைந்திருக்க, மிளகும் பூண்டும் மணக்கும் பத்தியச் சோற்றின் நடுவே, “ஏம்மா, பால் சுரக்கலையா?” என்று ஒவ்வொருவரும் பரிவோடு கேட்குந்தோறும், தாய்ப்பாலைத் தவிர்க்குமாறு மருத்துவர் சொன்ன காரணத்தை வெளியிடவொண்ணாத அப்பெண், புட்டிப்பாலைக் கையிலேந்தி ஏதோவொரு பொய்யைச் சொல்லித் தலைகுனிகிறாள், மாத்திரையையும் மறைவிலேயே விழுங்குகிறாள். பிரசவத்திற்குப்பின் எத்தாயையும் பற்றக்கூடிய மனச்சோர்வு, உறக்கமின்மையாகவும் காரணமறியா அழுகையாகவும், தான் பெற்ற மகவையே ஏறிட்டுப் பார்க்க மனமில்லாமையாகவும் வந்து கவியும்போது, இவளிடம் அது இரட்டிப்புப் பாரமாகின்றது. சோர்ந்த மனம் மாத்திரையை மறக்கிறது. மறந்த இடத்தில் அடங்கியிருந்த கிருமி மீண்டும் பெருகுகிறது. ஆதலின் அவள் மனத்தைப் பேணுதல் சிகிச்சைக்குப் புறம்பான உபசாரமன்று. சிகிச்சையின் ஓர் அங்கமேயாகும்.

இனி, வினையென்னும் விஷயத்திற்கு வருவோம். கொடிமாடச் செங்குன்றூரில் தம்முடன் வந்த அடியார்களைக் குளிர்சுரம் பீடித்தபோது ஞானசம்பந்தர் செய்தது யாது? வினையுண்டு என்பதை அவர் மறுக்கவில்லை. ஆயினும் யார் என்ன வினை செய்தார் என்று அவர்களுள் ஒருவரையும் விசாரித்தாருமில்லை. வினையின் பயன் இதுவென்று அறிந்தும் அதனின்று மீளும் மார்க்கத்தைத் தேடாதிருத்தலே குறையாகும் என்னும் கருத்தோடு திருநீலகண்டத் திருப்பதிகத்தைத் தொடங்கினார், சுரமும் நீங்கிற்று. கர்மக் கணக்கு ஒருவன் தன்னைத்தானே சோதித்துக்கொள்வதற்கு உரியதேயன்றி, அயலாரின் நோய்க்குத் தீர்ப்பெழுதுவதற்கு உரியதன்று என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ? கணவனிடமிருந்து தொற்றைப் பெற்றவள் நிரபராதி, ஏனையோர் அபராதிகள் என்று பிரித்துப் பேசும் இரக்கமும் எனக்கு உடன்பாடன்று, அதுவும் தீர்ப்பெழுதுதலேயாம்.

திருக்கருகாவூர்த் தலபுராணம் இதனினும் நெருங்கிய துணையாகிறது. கருவுற்ற வேதிகை, கணவர் நித்துருவர் வெளியே சென்றிருந்த பொழுதில் வந்த ஊர்த்துவபாத முனிவரை, தளர்ச்சி மிகுதியால் எழுந்து உபசரிக்க இயலாதவளானாள், உடற்சோர்வை அவமதிப்பென்று கொண்ட முனிவர் சபித்தார், கரு கலங்கிற்று. அத்தலத்து அம்பிகையாகிய கர்ப்பரட்சாம்பிகையோ, அவள்பால் குற்றமுண்டோ இல்லையோ என்று வினவாது, கலைந்த கருவைத் திவ்விய குடத்தில் வைத்துக் காத்து, குழந்தையாக அவள் கையில் தந்தாள். சோர்ந்த பெண்ணின்மேல் சினந்தவர் ஒரு முனிவர். அவளை ஏற்றுக்கொண்டது தெய்வம். கர்ப்பரட்சாம்பிகையை வேண்டி வளைகாப்பு நடத்தும் நாம் இக்கதையில் முனிவரின் பக்கம் நிற்கலாகுமோ?

பிரசவத்திற்குப்பின் வீடுதேடி வரும் மிஸ்ஸி எனப்படும் தாதி குழந்தையின் எடையையும் தொப்புளையும் பார்த்தபின், தாயிடம் இரவில் உறக்கம் வருகிறதா என்று தனித்துக் கேட்கட்டும். வீட்டார் பாலைப் பற்றிய கேள்வியை விடுத்து, சில மணிநேரம் குழந்தையை வாங்கிக்கொண்டு அவளை உறங்க விடட்டும். கர்ம பலனை விரித்துரைக்கும் சொற்பொழிவாளர், கேட்போருள் இத்தகைய தாயொருத்தியும் அமர்ந்திருக்கக்கூடும் என்பதை மனத்திற்கொண்டு, செங்குன்றூர் வரலாற்றைச் சுரம் நீங்கிய இடம்வரை சொல்லி முடிக்கட்டும்.