படகினுள் இருப்பவர் யார்?

தமிழ் இலக்கணத்தார், பேசுகின்றவனைக் குறிக்கும் இடத்திற்குத் ‘தன்மை’ என்று பெயரிட்டனர். அச்சொல்லே ஒரு பொருளின் இயல்பினையும் உணர்த்தும். நீரின் தன்மை குளிர்ச்சி. தீயின் தன்மை வெம்மை. ‘நான்’ என்பதன் தன்மை யாது? இவ்வாறு வினவப் புகுந்தால், தன்மையின் தன்மை யாது என்று வினவியதாக முடிகின்றது. இலக்கணத்தார் கருதிச் செய்தனரோ அன்றோ, உலகத்துத் தத்துவ நூல்களையெல்லாம் அலைக்கழித்த வினாவினை ஒரு சொல்லிற்குள் அடக்கி வைத்துவிட்டனர்.

மற்றொன்றும் நோக்குக. ஒருமையில் ‘யான்’, ‘நான்’ என இரண்டு சொற்கள் நமக்கு உள. பன்மையிலும் ‘நாம்’, ‘நாங்கள்’ என இரண்டு உள. ‘நாம்’ என்பது கேட்போரையும் உளப்படுத்தும். ‘நாங்கள்’ என்பது அவரை வாயிற்புறத்தே நிறுத்தும். இக்கட்டுரையில் ‘நாம்’ என்றே எழுதுகின்றோம். எழுதுவது ஒரு கைதான். ஆயினும் அன்பர்களை வெளியே நிறுத்த மனம் வரவில்லை. இவ்வளவு எளிதில் விரியவும் சுருங்கவும் வல்ல ஒன்று, உறுதியான தனிப்பொருளாக இருத்தல் கூடுமோ? இவ்வையத்தைச் சீனத்துத் தாவோ நெறியாரும், நம் நாட்டு உபநிடத முனிவரும், பகவன் புத்தர் வழி நின்றோரும் எவ்வாறு கையாண்டனர் என்பதைச் சற்றே விளையாட்டாக ஆராய்வோம். விளையாட்டு என்றது பொருளை இகழ்ந்தன்று. மிகக் கனமான பொருளைத் தூக்குவோர் இடையிடையே சிரித்துக்கொள்ளுதல் வழக்கமன்றோ!

தம்மை விட்டுச் செல்லாத ஆசிரியர்கள்

‘நான்’ என்பதை ஆராய்ந்த பெரியோர் பலர், தம்முடைய ‘நானை’ நமக்கு விட்டுச் செல்லவில்லை. லாவோத்ஸே என்பது இயற்பெயரன்று. ‘முதிய ஆசான்’ என்பதே அதன் பொருள். சீன வரலாறு வரைந்த ஸூமா சியென் என்பார் ஏறத்தாழ 2,100 ஆண்டுகளுக்கு முன்னரே, இவர் இன்னார் என்று துணியமாட்டாமல் ஒருவருக்கு மேற்பட்டோரைச் சுட்டிச் சென்றார். அம்முதிய ஆசான் பெயரால் வழங்கும் ‘தாவோ தே சிங்’ 81 சிறு அத்தியாயங்களும் ஏறத்தாழ 5,000 எழுத்துகளும் கொண்டது. 1973-ஆம் ஆண்டில் மாவாங்துயி என்னுமிடத்துக் கல்லறையிலிருந்து பட்டில் எழுதிய படிகளும், 1993-ஆம் ஆண்டில் குவோதியன் என்னுமிடத்திலிருந்து மூங்கிற் சிம்புகளில் எழுதிய பகுதிகளும் வெளிப்பட்டன. அவற்றில் நூலின் வரிசையே வேறாக இருந்தது. ஆசிரியர் எவர் என்னும் வினா முன்னினும் சிக்கலாயிற்று.

கி.மு. 4-ஆம் நூற்றாண்டினரான சுவாங்த்ஸேயின் நிலையும் இத்தகையதே. அவர் பெயர் தாங்கிய நூல் இன்று 33 அத்தியாயங்களாக வழங்குகின்றது. அவற்றுள் முதல் ஏழும் அவருடையனவாகலாம், ஏனையவை பிறர் பலர் எழுதிச் சேர்த்தவை என்பது ஆராய்ச்சியாளர் பலரின் கருத்து. உபநிடதங்களைப் பற்றியோ கூறவே வேண்டுவதில்லை. வேதத்தின் பகுதியாகிய அவற்றுக்கு மனித ஆசிரியர் எவருமிலர் என்பதே மரபு. ஒரு துண்டுச் சீட்டு எழுதினாலும் அடியில் கையொப்பம் இட்டாலன்றி உறங்காத நமக்கு இஃது ஒரு பாடம்.

பாத்திரத்து நீரும் வண்ணத்துப்பூச்சியும்

சாந்தோக்கிய உபநிடதம் ஒரு கதை கூறுகின்றது. ஆத்மாவை அறியவேண்டித் தேவர் பொருட்டு இந்திரனும் அசுரர் பொருட்டு விரோசனனும் பிரஜாபதியிடம் சென்று, 32 ஆண்டுகள் மாணவராய்த் தங்கினர். ஆசான் இருவரையும் ஒரு பாத்திரத்து நீரில் தம்மை நோக்கச் செய்தார். நல்லாடையும் அணியும் பூண்டு மீண்டும் நோக்குமாறு பணித்தார். நீரில் அழகிய உருவம் தெரிந்தது. விரோசனன் மனநிறைவுடன் திரும்பி, உடலே ஆத்மா, அதனையே போற்றுக என்று தன் கூட்டத்தார்க்கு உபதேசித்துவிட்டான். அவனுடைய கல்வி அன்றோடு முற்றுப்பெற்றது!

இந்திரனுக்கோ வழியிலேயே ஐயம் பிறந்தது. ஆடை அணிந்தால் நிழலும் ஆடை அணிகின்றது. அங்ஙனமாயின் கண் இழந்தால் நிழலும் குருடாகுமன்றோ? அவன் திரும்பி வந்தான். கனவில் உலவுவதே ஆத்மா என்று கேட்டுச் சென்றான். கனவிலும் அழுகை உண்டென்று எண்ணி மீண்டும் வந்தான். கனவற்ற உறக்கத்தில் இருப்பதே ஆத்மா என்று கேட்டுச் சென்றான். அந்நிலையில் ‘இது நான்’ என்னும் அறிவும் இல்லையே என்று வருந்தி மறுபடியும் வந்தான். இவ்வாறு மொத்தம் 101 ஆண்டுகள் அவன் மாணவனாக இருந்தான் என்பது கதை. விரோசனனைக் கண்டு நகைப்பது எளிது. ஆயினும் கண்ணாடி முன் நிற்கும்போதும், குலத்தையும் நிறத்தையும் கொண்டு ஒருவரை மதிப்பிடும்போதும், நாம் அவனுடைய மாணாக்கர்களே என்பதை மறத்தலாகாது.

சுவாங்த்ஸே கனவில் வண்ணத்துப்பூச்சியாகிப் பறந்து திரிந்தார். அப்பொழுது தாம் சுவாங்த்ஸே என்னும் நினைவே அவருக்கில்லை. விழித்ததும் பழைய மனிதராய்க் கிடந்தார். மனிதன் பூச்சியாகக் கனவு கண்டதா, பூச்சி மனிதனாகக் கனவு காண்கின்றதா என்று அவரால் துணியக்கூடவில்லை. இந்திரனாயிருந்தால் உடனே ஆசானிடம் ஓடியிருப்பான். சுவாங்த்ஸே ஓடவில்லை; இரண்டிற்கும் ஏதோ வேறுபாடு இருந்தே தீரவேண்டும், பொருள்கள் மாறும் வகை இதுவே என்று கூறி அமைந்துவிட்டார்.

இக்கனவை மூவரிடம் கூறுவதாக வைத்துக்கொள்வோம். வேதாந்தி, மனிதனும் பூச்சியும் வந்து போகட்டும், இரண்டையும் கண்டுகொண்டிருந்த மாறாத சாட்சி எது என்று வினவுவார். பௌத்தர், காட்சி இருந்தது, மாறுதல் இருந்தது, இவற்றுக்கு உடைமைக்காரன் ஒருவனைத் தேடுவதேன் என்று வினவுவார். தாவோ நெறியார் எவ்வினாவும் எழுப்பாமல், பறந்தபொழுது இன்பமாக இருந்ததல்லவா என்று கேட்டு நகைப்பார். மூவரும் ஒரே பொருளைக் கூறினர் என்று சமரசம் பேசுதல் இக்காலத்து வழக்கம். அது மூவர்க்கும் செய்யும் அவமதிப்பாகும். சாட்சி உண்டு என்பதும், உடைமைக்காரன் இல்லை என்பதும் ஒன்றல்ல.

வச்சகோத்திரன் என்னும் துறவி, ஆத்மா உண்டோ என்று பகவனை வினவியபோதும், இல்லையோ என்று வினவியபோதும், அவர் வாய் திறவாதிருந்தார். துறவி எழுந்து போயினான். உண்டு என்றால் நிலைபேற்று வாதத்தில் சேரும். இல்லை என்றால் அழிவு வாதத்தில் சேர்வதோடு, முன்னமே மயங்கியவன், இருந்த ஆத்மாவையும் இழந்தேன் என்று பின்னும் மயங்குவான் என்று பகவன் பின்னர் ஆனந்தருக்கு விளக்கினார். கேட்போனின் நிலை கருதி மௌனத்தையே விடையாக்கிய அருள் அது.

ஒரு சொல்லின்மேல் நடந்த வழக்கு

இம்மூன்று மரபுகளும் கற்பனையில் மட்டும் சந்திக்கவில்லை. காமரூபத்து மன்னன் பாஸ்கரவர்மன் லாவோத்ஸேயின் நூலை வடமொழியில் பெற விரும்பினான். கி.பி. 647-ஆம் ஆண்டில் தாங் மரபுப் பேரரசர் தாய்சுங், அப்பணியை யுவான் சுவாங்கிடமும் தாவோ ஆசிரியர் சிலரிடமும் ஒப்புவித்தார். கி.பி. 640-ஆம் ஆண்டளவில் நம் காஞ்சி மாநகர் வரை வந்து சென்ற அதே யாத்திரிகர்தான் இவர். முதற் சொல்லிலேயே பூசல் மூண்டது. ‘தாவோ’ என்பதைப் ‘போதி’ என்று பெயர்த்தல் வேண்டும் என்றனர் தாவோ ஆசிரியர். போதி என்பது விழிப்பு, தாவோ என்பது வழி, ஆதலின் ‘மார்க்கம்’ என்பதே தகும் என்று யுவான் சுவாங் உறுதியாய் நின்றார். அம்மொழிபெயர்ப்பின் படி எதுவும் இன்று நம்மிடையே இல்லை. வழக்கு மட்டும் எஞ்சியுள்ளது.

இது சொற்சண்டை என்று தள்ளற்பாலதன்று. விழிப்பு என்றால் விழித்தவன் எவன் என்று நாம் உடனே தேடத் தொடங்குகின்றோம். வழி என்றாலோ, அது நடப்பவரை எங்கே கொண்டு சேர்க்கின்றது என்பதே முதற் கேள்வியாகின்றது. ‘நான்’ பற்றிய கொள்கைகளையும் அவ்வாறே சோதித்தல் நன்று. அக்கொள்கை உடையவன் பக்கத்து வீட்டானிடம் எவ்வாறு நடந்துகொள்கின்றான்?

வெறும் படகும் மாங்கனியும்

சுவாங்த்ஸேயின் பெயரிலுள்ள நூலில் ஒரு படகு வருகின்றது. ஒருவன் ஆற்றைக் கடக்கையில் வெறும் படகு ஒன்று மிதந்து வந்து அவன் படகில் மோதுகின்றது. அவன் எத்துணை முன்கோபியாயினும் சினம் கொள்ளான். அப்படகில் ஓர் ஆள் இருப்பானாயின், விலகு என்று கூவுவான்; மறுமுறை கூவுவான்; மூன்றாம் முறை வசைமொழி தொடரும். மோதல் ஒன்றே, நனைந்த ஆடையும் ஒன்றே. உள்ளே ஆள் உண்டென்னும் எண்ணம் ஒன்றே வேறு. ஆகவே மனிதன் தன்னை வெறுமையாக்கி உலகில் உலவினால் அவனுக்குத் தீங்கு செய்வார் யார் என்பது அக்கதையின் கருத்து.

கேட்க இனிதாயிருக்கின்றது. ஆனால் திருடன் ஒருவன் நியாயமன்றத்தில் நின்று, ஐயா, நான் வெறும் படகு என்று சொன்னால் என் செய்வது? அவனுக்காக மூன்று வழக்கறிஞர் எழுந்து நிற்கக் கூடும். எல்லாம் இயல்பின்படி நடந்தது என்பார் ஒருவர். ஆத்மா எதனையும் செய்வதுமில்லை, எதனாலும் அழிவதுமில்லை என்பார் மற்றொருவர். செய்தவன் என்று ஒருவன் இல்லவே இல்லை என்பார் மூன்றாமவர். மூன்று உயர்ந்த தத்துவங்களும் ஒரு திருடனுக்கு வாதாட வந்துவிட்டன! இத்தகைய பிழைக்கு ஆளாகாத கொள்கை உலகில் இல்லை.

இவ்விடர்ப்பாட்டை மிலிந்த மன்னனுக்கும் நாகசேனருக்கும் நிகழ்ந்த உரையாடல் முன்னரே கண்டது. தேரின் உறுப்புகளுள் எதுவும் தேரன்று என்னும் உவமை அன்பர் பலர் அறிந்ததே. அதனினும் நமக்குப் பயன்படுவது மாங்கனி உவமை. ஒருவன் பிறனுடைய மரத்துக் கனிகளைத் திருடிப் பிடிபட்டு, அவர் நட்ட கனி வேறு, நான் பறித்த கனி வேறு என்று வாதிடுகின்றான். அவன் கூற்றில் பொய்யில்லை. நட்டது மண்ணில் மறைந்து போயிற்று. எனினும் மன்னன் அவனைக் குற்றவாளி என்றே தீர்த்தான். அதனின்று இது வந்தது. அத்தொடர்ச்சியே பொறுப்புக்குப் போதும். மாறாத ஆள் ஒருவன் உள்ளே அமர்ந்திருக்க வேண்டுவதில்லை. நேற்றுக் கடன் வாங்கியவனும் இன்று திருப்பித் தருபவனும் முற்றும் ஒருவனே அல்லன். ஆயினும் கடன் கடனே.

ஆகவே, படகும் மாங்கனியும் ஒன்றையொன்று மறுப்பனவல்ல. அவை பயன்படும் இடங்கள் வேறு. பிறர் நம்மேல் மோதும்போது நினைக்கற்பாலது வெறும் படகு. நாம் பிறர்மேல் மோதும்போது நினைக்கற்பாலது மாங்கனி. உலக வழக்கோ இதற்கு நேர்மாறு. நம் பிழைக்குக் காலம், சூழ்நிலை, உடல்நலம் என்னும் நீரோட்டங்களைக் காட்டி, நம் படகில் எவருமிலர் என்கின்றோம். பிறர் பிழைக்கோ, அவர் படகினுள் தீய நெஞ்சமுடைய ஒருவன் துடுப்பேந்தி அமர்ந்திருப்பதைக் கண்ணாரக் காண்கின்றோம்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். இப்பாடத்தைத் தமக்குத் தாமே சொல்லிக்கொள்ளலாம். அடிபட்டவனுக்கு அடித்தவனின் சார்பில் சொல்லலாகாது. பிறப்பின் பெயரால் தலைமுறை தலைமுறையாக இழிவு செய்யப்பட்டோரிடம் சென்று, நும்மை மோதியது வெறும் படகு, சினம் தவிர்மின் என்று உபதேசிப்பது ஞானமன்று. கொடுமைக்குத் துணை நிற்பதாகும். மேலும், வெறும் படகாயினும் அதனைக் கட்டிப்போடாமல் விட்டால் அடுத்து வருபவனையும் மோதும். சினங்கொள்ளாமை வேறு, தடுக்காமை வேறு. மோதும் படகைப் பகையின்றிப் பற்றி இழுத்துத் துறையில் பிணிப்பவனே இரண்டு பாடங்களையும் கற்றவன்.

சாட்சி ஒன்று உண்டோ இல்லையோ என்னும் வழக்கு இன்னும் நெடுங்காலம் நடக்கும், நடக்கட்டும். இந்திரனுக்கே 101 ஆண்டுகள் ஆயினவே! அதுவரையில் வழி நடப்பதற்குத் தடையொன்றுமில்லை. இன்று ஒருமுறையேனும் பிறர் படகினுள் ஆளைத் தேடாதிருப்போம். நம் கையிலுள்ள மாங்கனி எந்த மரத்தினின்று வந்தது என்பதை ஒருமுறையேனும் எண்ணிப் பார்த்து, உரியவரிடம் சேர்ப்போம். ‘நான்’ என்பதன் தன்மையை நூல்களால் அறிய மாட்டாதவரும் இவ்வளவு செய்தல் கூடும் என்பதே நமது துணிபு.