வேலையிழந்தவன் வீடு திரும்பும்போது



ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து கோயில் வாசலில் நாலு பேர் கூடி நின்றால், இந்நாட்களில் மூன்று பேச்சுக்கள் காதில் விழும். முதலாவது, வேலை மந்தம், கையில் காசில்லை என்கிற பேச்சு. இரண்டாவது, சந்திரன், ராக்கெட்டு, கம்ப்யூட்டர் என்று விஞ்ஞானம் செய்யும் அதிசயங்களைப் பற்றியது. மூன்றாவது, வீட்டில் நிம்மதியில்லை என்பது. இதை மட்டும் குரலைத் தணித்துச் சொல்வார்கள். இவை வெவ்வேறு சங்கதிகள் என்று எண்ணவேண்டாம். முதலாவதிலிருந்தே பல வீடுகளில் மூன்றாவது பிறக்கிறது. அதற்கு மருந்து தேடும்போது இரண்டாவதிலும் நமக்கு ஒரு பாடம் கிடைக்கிறது.

2025 ஆகஸ்டு 27-ம் தேதி அமெரிக்கா இந்தியச் சரக்குகள் பலவற்றின்மேல் வரியை 50 சதவீதமாக உயர்த்தியது. அந்நாட்டுக்குத் துணி தைத்து அனுப்பும் திருப்பூருக்கு அது பெரிய அடி. பல பனியன் கம்பெனிகளில் ஆர்டர்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. பீஸ் கணக்கில் கூலி வாங்கும் டெய்லருக்கு ஆர்டர் இல்லையென்றால் கூலியும் இல்லை. அவன் சோம்பேறியல்ல, குடிகாரனல்ல. நேற்றுவரை ஓவர்டைம் பார்த்தவன். கடல் கடந்த தேசத்தில் போட்ட ஒரு கையெழுத்து இவன் வீட்டு உலையை அணைத்துவிட்டது. 2020-ல் ஊரடங்கு வந்தபோதும் இப்படித்தானே எத்தனையோ பேர் ஒரே நாளில் வேலையற்றுப் போனார்கள்!

இப்படிப்பட்டவன் வீட்டுக்கு எப்படித் திரும்புகிறான்? சிலன் திரும்பவே அஞ்சுகிறான். வழக்கம்போல் காலையில் சோற்றுப் பாத்திரத்துடன் புறப்பட்டு, பகலெல்லாம் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்து, மாலையில் வேலை பார்த்தவனைப்போல் வந்து சேருகிறான். மனைவிக்குத் தெரியாமல் வட்டிக்கு வாங்குகிறான். ஒரு கடனை அடைக்க மற்றொரு கடன், அதை அடைக்க அவள் தாலிக்கொடி. உண்மை வெளிப்படும் நாளில், பணம் போனதைவிட நம்பிக்கை போனதே அவளுக்குப் பெரிய துக்கமாயிருக்கிறது. ஏன் மறைத்தான்? சம்பளம் இல்லாமல் போனால் தன் வீட்டில் தனக்கு மதிப்பு இராது என்று பயந்தான். அந்தப் பயத்துக்கு நம் வீடுகள் இடங்கொடுக்கலாமா?

திராட்சைத் தோட்டத்துக்குக் கூலியாட்களைத் தேடிய எஜமானைப் பற்றி நமதாண்டவர் சொன்ன உவமையை அறிவீர்கள். பொழுது சாய ஒரு மணி நேரமே இருக்கையிலும் சிலர் சந்தைவெளியில் நின்றிருந்தார்கள். ஏன் சும்மா நிற்கிறீர்கள் என்று கேட்டதற்கு அவர்கள் சொன்ன பதிலைக் கவனியுங்கள்: தங்களை வேலைக்கு அழைப்பார் இல்லை என்றார்கள். எஜமான் அவர்களைச் சோம்பேறிகள் என்று ஏசவில்லை. அவர்கள் சொல்லை நம்பினான். சாயங்காலத்தில் ஒரு முழு நாட்கூலியை அவர்கள் கையில் கொடுத்தான். ஒரு மணி நேரமே உழைத்தவன் வீட்டிலும் பிள்ளைகளுக்கு முழு வயிற்றுக்குத்தான் பசிக்கும் அல்லவா? சந்தை மனிதனை அவன் உழைத்த மணிக்கணக்கால் அளக்கிறது. சர்வேசுரன் அப்படி அளப்பதில்லை. நம்முடைய வீடு சந்தையைப்போல் இருக்கவேண்டுமா, அந்த எஜமானைப்போல் இருக்கவேண்டுமா?

இனி விஞ்ஞானச் செய்திக்கு வருவோம். 2019 செப்டம்பர் 7-ந் தேதி அதிகாலையில் சந்திரயான்-2 அனுப்பிய கலம் சந்திரனில் மெதுவாய் இறங்கமாட்டாமல் மோதி நொறுங்கியது. அன்று நாடே பார்க்கக் கண்கலங்கி நின்ற இஸ்ரோ தலைவர் சிவன், கன்னியாகுமரி மாவட்டத்து விவசாயி வீட்டுப் பிள்ளை. பின்பு அந்த ஸ்தாபனத்தார் என்ன செய்தார்கள்? எங்கே பிழை நேர்ந்தது என்று ஒவ்வொன்றாய் ஆராய்ந்தார்கள். இனி எதெது தவறக்கூடும் என்று முன்னதாகவே யோசித்து அடுத்த கலத்தைக் கட்டினார்கள். அதன் கால்களைப் பலப்படுத்தினார்கள், எரிபொருளைக் கூட்டினார்கள். முன்பு அரை கிலோமீட்டர் சதுரமாயிருந்த இறங்குமிடத்தை ஏறக்குறைய 4 கிலோமீட்டர் நீளமும் 2.4 கிலோமீட்டர் அகலமுமாக விரித்தார்கள். 2023 ஆகஸ்டு 23-ந் தேதி மாலை சந்திரயான்-3 பத்திரமாய் இறங்கிற்று. அதை நடத்திய வீரமுத்துவேல், விழுப்புரத்தில் ஒரு ரயில்வே தொழிலாளியின் மகன்.

பிரியமான குடும்பத்தாரே, நாமும் இதையே செய்வோம். விழுந்தவனை ஏசுவதால் கலம் எழும்பாது, மறைப்பதாலும் எழும்பாது. ஆகையால் மூன்று காரியங்களை உங்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

முதலாவது, குடும்பத் தலைவனே, உண்மையைச் சொல். வேலை போன அன்றே சொல். எவ்வளவு கடன், யாரிடம், என்ன வட்டி என்பதை ஒரு தாளில் எழுதி மனைவியின் முன் வை. இருவர் அறிந்த கடன் பாதி பாரந்தான்.

இரண்டாவது, தாயே, இறங்குமிடத்தை அகலமாக்கு. வெறுங்கையோடு வருகிறவனுக்கு முதலில் சோறு போடு. கணக்கைப் பிறகு கேள். அடுத்த வீட்டுக்காரனுடைய சம்பளத்தை அவன் இலையில் பரிமாறாதே. வேலை இழந்தது மனைவியானால், கணவனே, இந்தக் கடமை உன்னுடையது. குடித்தனத்தைக் கெடுக்கும் குடிக்கும் அடிக்கும் இடங்கொடுக்கச் சொல்கிறோம் என்று ஒருவரும் நினைக்கவேண்டாம். அவற்றைப் பொறுத்துக்கொள்வது புண்ணியமல்ல.

மூன்றாவது, நல்ல காலத்திலேயே எரிபொருளைச் சேர்த்து வையுங்கள். புதுநன்மைக்கும் கலியாணத்துக்கும் கடன் வாங்கிப் பந்தல் போடுவதை விடுங்கள். மந்தமான காலம் திரும்பவும் வரும் என்று எண்ணியே குடும்பத்தை நடத்துங்கள்.

நம் பங்கில் பிறருக்குக் கூலி கொடுப்பவர்களுக்கும் ஒரு சொல். தொழிலாளிக்கு நியாயமான கூலி கொடுப்பது தர்மமல்ல, நீதி என்று பாப்பரசர் 13-ம் சிங்கராயர் 1891-லேயே உலகத்துக்குப் போதித்தார். வேலை குறைந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். செய்த வேலைக்குரிய பாக்கியைத் தாமதமின்றிக் கொடுங்கள்.

அர்ச். சூசையப்பரும் ஓர் இரவில் தொழிலையும் ஊரையும் விட்டு, பாலனையும் மாதாவையும் கூட்டிக்கொண்டு எஜிப்து தேசத்துக்கு ஓடினவரே. அந்நிய மண்ணில் அவருக்கு என்ன வேலை கிடைத்தது, எத்தனை நாள் கிடைக்காமல் போயிற்று என்று சுவிசேஷம் சொல்லவில்லை. ஆனால் அந்தக் குடும்பம் கலையவில்லை. இன்றிரவு ஜெபமாலை முடிந்தபின், வேலையின்றி இருப்பவர்களுக்காக அவரை நோக்கி ஒரு மன்றாட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்படி ஒருவர் உங்கள் வீட்டிலேயே இருந்தால், ஜெபம் முடிந்ததும் அவர் அருகில் சற்று நேரம் உட்காருங்கள்.

திருக்குடும்பம் உங்கள் குடும்பங்களைக் காக்கக்கடவது. ஆமென்.